பாய் எந்தத் தெருவில் விரிப்பது?

மதுரையில் இருக்கும் தங்கை போன வாரம் போன் செய்தாள். பிள்ளைகள் இரண்டையும் சம்மர் கேம்ப்பில் சேர்த்துவிட்டாளாம். ஸ்கேட்டிங், அபாகஸ், அடுப்பில்லாச் சமையல். தலைக்கு 4,500 ரூபாய். “காசு போனாப் போகுதுக்கா, மத்தியானம் வரைக்கும் வீடு வீடா இருக்கு” என்றாள்.

பேசிக்கொண்டே வாசலைப் பார்த்தேன். திண்ணையில் மூன்று பெண் பிள்ளைகள் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “அக்கா, மரத்தடிக்கு எப்ப வருவீங்க?” என்று கேட்க வந்திருக்கிறார்கள். மரத்தடியில் சாயங்கால வகுப்பு நடத்திய தன்னார்வலர் வேலையை நான் விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில். இந்தப் பக்கம் ‘ஆபீஸுக்குப் போறேன்’ என்று ஒரு பெண் சொன்னால் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். தீப்பெட்டி ஆபீஸ், இல்லாவிட்டால் பயர் ஆபீஸ், அதாவது பட்டாசுத் தொழிற்சாலை. காலை ஏழு மணிக்கு வேன் வரும், திரும்ப ஆறரை, ஏழு ஆகிவிடும். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடுகிறது. அந்த இரண்டரை மணி நேரம் ஊரில் பெரியவர்கள் என்றால் கிழவிகளும், டீக்கடை பெஞ்சில் இருக்கிற ஆம்பிளைகளும்தான். கோடை விடுமுறை வந்தால் இரண்டரை மணி நேரம் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். என் அம்மா காலத்தில் இந்தக் கவலையே இல்லை. எட்டு வயதிலேயே பிள்ளைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

கொரோனாவில் பள்ளியைப் பூட்டியது 2020 மார்ச்சில். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. மூன்றாம் வகுப்பில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளை ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. நடுவில் கல்வித் தொலைக்காட்சி ஓடியது, உண்மைதான். எங்கள் தெருவில் அந்த நேரத்தில் டிவி ரிமோட் தாத்தாக்கள் கையில் இருந்தது, அதுவும் உண்மை.

அப்போதுதான் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். முதல் சுற்றில் பன்னிரண்டு மாவட்டங்கள், அதில் எங்கள் விருதுநகர் இல்லை. எனக்கு மையம் கிடைத்தபோது 2022 பிறந்துவிட்டது. ஒன்று முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வரை, ஒரு தன்னார்வலருக்கு ஏறக்குறைய இருபது பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்க வகுப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும், ஆறிலிருந்து எட்டு வரைக்குப் பட்டதாரி வேண்டும். நான் பி.காம். முடித்து ஒன்பது வருஷமாக அந்தச் சான்றிதழைப் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். மாநிலம் முழுக்க ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் தன்னார்வலர்களாக வேலை பார்த்தோம், பெரும்பாலும் என்னைப் போன்ற பெண்கள். எத்தனை பீரோக்கள் திறந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பை எங்கே வைப்பது என்பதைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எங்கள் தெருவில் பிள்ளையார் கோயில் மண்டபம் இருக்கிறது. சிமெண்டுத் தரை, மேலே கூரை, ஒரு மின்விசிறி. வேறென்ன வேண்டும்? வட்டார வள மையத்தில் கொடுத்த பயிற்சியை முடித்து, அட்டைகளையும் சாக்பீஸையும் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பெயர் கொடுத்தவர்கள் இருபது பேர், அதில் எட்டு பேர் காலனிப் பிள்ளைகள்.

முதல் நாள் எட்டு பேரும் வந்தார்கள். மண்டபத்தின் படியில் நின்றார்கள். “உள்ள வாங்க, உள்ள வாங்க” என்று நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒரு பெரியவர் அந்தப் பக்கமாக நடந்து போனார், நின்று பார்த்தார், செருமினார், போய்விட்டார். அவ்வளவுதான். மறுநாள் ஐந்து பேர். மூன்றாம் நாள் ஒருவரும் இல்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை.’ பயிற்சியில் சொன்னபடி வீடு தேடிப் போனேன். ஒரு அம்மா வேன் விட்டு இறங்கி அப்போதுதான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், விரலிடுக்கில் அலுமினியப் பொடி இன்னும் போகவில்லை. “பிள்ளைக்குச் சாயங்காலம் தண்ணி எடுக்குற வேலை இருக்கு டீச்சர்” என்றார், மரியாதையாக. அடுத்த வீட்டிலும் அதே தண்ணீர், அதே மரியாதை. மூன்றாவது வீட்டில் ஒரு ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “ஏ தாயி, கோயிலுக்குள்ள எங்க பிள்ளைய ஒக்கார வச்சுட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா நீ வந்து பதில் சொல்வியா?”

வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கோபம் என்னவோ ஊர்மேல்தான் வந்தது. ஆனால் முப்பத்தொரு வருஷமாக அந்த மண்டபத்தைத் தாண்டி நடக்கிறவள், அங்கே யார் உட்கார்கிறார்கள், யார் உட்காருவதில்லை என்பது கண்ணில் படாமலா இருந்தது? பட்டிருக்கிறது. சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி, பார்த்துப் பார்த்துத் தெரியாமல் போயிருக்கிறது.

ஊருக்கும் காலனிக்கும் நடுவில் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, பக்கத்தில் ரேஷன் கடை, எதிரே ஒரு வேப்பமரம். மண்ணெண்ணெய் போட்ட காலத்திலிருந்து இரண்டு பக்கத்துச் சனமும் அங்கேதான் வரிசையில் நிற்கிறது. நின்றுகொண்டே திட்டிக்கொள்ளவும் செய்யும், அது வேறு. அந்த இடம் மட்டும் யாருடைய தெருவும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை பாயைச் சுருட்டி அங்கே கொண்டுபோய் விரித்தேன். கூரை போச்சு, மின்விசிறி போச்சு, எறும்பு வந்தது. எட்டு பேரும் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் பெயர் கொடுக்காத இரண்டு பேர் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

எங்கள் தெருவில் மூன்று வீட்டில் பிள்ளைகளை நிறுத்தினார்கள். காரணம் கேட்டால் “மரத்தடியில பூச்சி பொட்டு” என்றார்கள். ஒரு பிள்ளை பரீட்சை நெருங்கியதும் திரும்பி வந்தது. இரண்டு வரவே இல்லை. அந்த இரண்டு வீட்டு அம்மாக்களும் எனக்குச் சித்தி முறை. இன்றைக்கும் விசேஷ வீடுகளில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம், அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

வெளிச்சம்தான் பெரிய பாடு. தை மாதத்தில் ஆறு மணிக்கே மங்கிவிடும், பெண் பிள்ளைகளை இருட்டில் அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். தெருவிளக்குக்கு மனு எழுதினேன், மரத்தடியில் விளக்கு எதற்கு என்று கேட்டார்கள். கடைசியில் ரேஷன் கடைக்கு எதிர் வீட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பல்பு மாட்டிக் கொடுத்தார். அவர் குடிப்பார், ஊரில் நல்ல பெயர் கிடையாது. இரண்டு வருஷம் அந்தக் கரண்டுக்கு அவர் ஒரு பைசா கேட்கவில்லை.

பாடம் என்று பெரிதாக ஒன்றும் நடத்திவிடவில்லை. பாட்டு, கதை, அட்டை, கூழாங்கல். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான், கணக்குப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அந்தப் பெயர் முதலில் கேலியாக வைத்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் போனால் வாயை மூடிக்கொள்வான். ஒரு நாள் பன்னிரண்டாம் வாய்ப்பாடு போய்க்கொண்டிருந்தது. “பன்னிரண்டு பன்னிரண்டு?” என்றேன். ஒருவரும் பேசவில்லை. அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே, “ஒரு குரோஸ்” என்றான். “அப்படின்னா எத்தனை?” “நூத்தி நாப்பத்தி நாலு.” “ரெண்டு குரோஸ்?” “எரநூத்தி எம்பத்தெட்டு.” “அரை குரோஸ்?” “எழுபத்திரண்டு. என்னக்கா, இதெல்லாம் கணக்கா?”

தீப்பெட்டி ஆபீஸில் குரோஸ் கணக்கில் வரும் அவன் அம்மாவின் கூலியை சனிக்கிழமை தோறும் அவன்தான் கணக்குப் போடுகிறான். வீட்டில் போடுவது கணக்கு, பள்ளியில் போடுவது வேறு ஏதோ என்று நினைத்திருக்கிறான். அன்றையிலிருந்து எங்கள் மரத்தடியில் எல்லாமே தீப்பெட்டிதான். பெருக்கல், வகுத்தல், பின்னம் எல்லாம் குரோஸில். பயிற்சிக் கையேட்டில் இது கிடையாது.

அந்த வருஷம் கோடை விடுமுறை மே நடுவில் ஆரம்பித்தது, பள்ளி திறந்தது ஜூன் 13. விடுமுறையிலும் நாங்கள் மரத்தடியை விடவில்லை. ஜூன் 1 முதல் 12 வரை ரீடிங் மாரத்தான் என்று வைத்தார்கள். கூகுள் ரீட் அலாங் செயலியில் பிள்ளைகள் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும், தியா என்று ஒரு பொம்மை கேட்டுத் திருத்தும். இருபது பிள்ளைகளுக்கு மரத்தடியில் இருந்தது இரண்டு போன், ஒன்று என்னுடையது. மற்ற வீடுகளில் போன் அம்மாவோடோ அண்ணனோடோ போய்விடும். ஆகவே அந்தப் பன்னிரண்டு நாளும் ஏழு மணிக்கு மேல், வேன் வந்த பிறகு, அம்மாக்களின் போனை வாங்கி வாசித்தோம். சில அம்மாக்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தியாவுக்கு எங்கள் ஊர்த் தமிழ் பிடிபடவில்லை. இங்கே ‘மழை’ கிடையாது, ‘மளை’தான். ஒரு சின்னக் குட்டி வாளைப்பளம், வாளைப்பளம் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்து, பிறகு போனைப் பார்த்து, “ஏட்டி, ஒனக்குக் காது கேக்காதா?” என்று கத்தினாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கோடையில் இந்தப் பக்கம் எங்காவது தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் வகுப்பு அப்படியே நின்றுவிடும். பிள்ளைகள் பேச மாட்டார்கள், எந்தத் திசை என்று பார்ப்பார்கள். மேற்கு என்றால் இன்னார் அம்மா, தெற்கு என்றால் இன்னார் அக்கா. ஆபீஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, ஆகவே கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. கல்லுடைக்கும் வேட்டுதான் என்று பெரியவர்கள் யாராவது சொல்லும் வரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் தனியாக இல்லாமல் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். படிப்பைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு வேலை செய்தவர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டதாம். அப்படித் திரும்பியதில் 24 சதவீதம் இந்தச் சாயங்கால வகுப்புகளால். படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த 24-இல் எங்கள் வேப்பமரத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்கத் தோன்றியது, அப்புறம் அந்த மண்டபத்திலேயே நான் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும். என் மையம் நடக்கிறது, பிள்ளைகள் வருகிறார்கள் என்று செயலியில் பதிந்திருப்பேன். பன்னிரண்டு பேர். குறை சொல்ல முடியாத எண்.

மாநிலம் முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் கோடை வகுப்பு வேண்டும் என்று இப்போது பேச்சு வரும்போதெல்லாம் நான் கையைத் தூக்கிச் சொல்ல நினைப்பது இதைத்தான். எத்தனை மையம் என்று எண்ணுங்கள், சரி. பாய் எந்தத் தெருவில் விரிந்திருக்கிறது என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பெயர் கொடுத்து வராமல் போன பிள்ளையின் வீட்டுக்கு ஒரு ஆள் போய் மூன்றாவது வீடு வரைக்கும் உட்கார்ந்து பேசட்டும். முதல் இரண்டு வீட்டில் தண்ணீர் எடுக்கிற கதைதான் சொல்வார்கள். கோடையில் நேரத்தை வேனுக்குத் தகுந்த மாதிரி வைக்கட்டும், காலை பத்து மணிக்கு யார் வீட்டில் இருந்து பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புவது? அப்புறம் ஆயிரம் ரூபாயும். 2022-இல் என் மாமியார் அதைக் கேட்டுச் சிரித்தார், ஆபீஸில் மூன்று நாள் கூலி அது. நான் விட்டதற்குக் காரணமும் ஒளிவுமறைவில்லை. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தாள், சாத்தூரில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது, போய்விட்டேன்.

கணக்குப்பிள்ளை இப்போது எட்டு முடித்துவிட்டான், மீசை அரும்புகிறது, என்னைப் பார்த்தால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறான். திண்ணையில் வந்து உட்கார்ந்த மூன்று பேரில் ஒருத்தி தியாவைத் திட்டிய குட்டிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “சனியும் வாங்க, உங்களுக்கு அரை நாள்தானே வேலை” என்றாள். என் லீவுக் கணக்கு அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

சனிக்கிழமை சாயங்காலம் பாயை எடுத்துக்கொண்டு போனேன். எதிர் வீட்டுக்காரர் போன வருஷம் இறந்துவிட்டார். ஒயர் அப்படியே தொங்குகிறது, பல்புதான் ஃபியூஸ். அவர் மனைவியிடம் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர் உள்ளே போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து, “பல்பு மட்டும் நீங்க வாங்கிக்கிறீங்களா டீச்சர்?” என்றார்.