மூளை மின்பதிவும் இயந்திரக் கற்றலும்: என் ஆய்வில் பட்ட பாடு

ஒருவர் இப்போது திரையில் பார்க்கும் சொல்லைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்வாரா, மாட்டாரா என்பதை அவருடைய மூளையின் மின்பதிவை வைத்தே கணிக்கும் கணினி மாதிரி ஒன்றை உருவாக்குவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் இரண்டாம் இயல். ஆய்வுக் குழு அதைக் கடந்த மாதம் ஒருவழியாக ஏற்றுக்கொண்டது. நிரல் எழுதியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு அந்தப் பகுதி விரைவில் முடிந்துவிடும். என்னை அலைக்கழித்தவை ஓர் அனுமதிக் கடிதமும், பதிவில் கலந்திருந்த இரைச்சலும், பார்த்தவர்களையெல்லாம் மகிழவைத்த ஒரு பொய்யான மதிப்பெண்ணும்தான். இதே வேலையில் இறங்கவிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றையே விரிவாக எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நினைவு ஆய்வாளர் மைக்கேல் கஹானாவின் குழு பல அமெரிக்க மருத்துவமனைகளோடு சேர்ந்து திரட்டிப் பொதுவில் வைத்திருக்கும் தரவு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது என்று கண்டறிய மருத்துவர்கள் நோயாளியின் மண்டை ஓட்டுக்குள் மின்முனைகளைப் பொருத்துகிறார்கள். படுக்கையில் காத்திருக்கும் அந்த நாட்களில், விருப்பமுள்ள நோயாளிகள் நினைவுப் பரிசோதனையிலும் பங்கேற்கிறார்கள். திரையில் 12 சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒவ்வொன்றும் 1.6 விநாடி. சொற்களை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருக்க முடியாதபடி பிறகு சுமார் 20 விநாடி கூட்டல் கணக்கு. அதன்பின் 30 விநாடிக்குள், நினைவில் எஞ்சியவற்றை எந்த வரிசையிலும் சொல்லலாம். ஒரு முழு அமர்வில் இப்படி 25 பட்டியல்கள், அதாவது 300 சொற்கள்.

தரவை இறக்குவதில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. அதைப் பயன்படுத்த எங்கள் நிறுவனத்தின் அறநெறிக் குழுவிடம் அனுமதி வாங்குவதில்தான் ஒரு பருவத்தின் பெரும்பகுதி போயிற்று. பெயரோ பிறந்த தேதியோ இல்லாத, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய தரவு என்று விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே தெளிவாக எழுதியிருந்தேன். அலுவலக எழுத்தர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "மூளைன்னு போட்டிருக்கீங்களேம்மா, ஆஸ்பத்திரி சம்மதப் படிவம் எங்கே?" என்று கேட்டார். அமெரிக்காவில் நோயாளிகள் கையெழுத்திட்ட படிவம் என் கையில் இருக்க வாய்ப்பே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. மனிதர்களை நேரடியாகப் பரிசோதிக்கும் ஆய்வுகளுக்குரிய நீண்ட படிவத்தை நீட்டினார். அதிலோ காப்பீடு, இழப்பீடு, ஆய்வு நடக்கும் மருத்துவமனை என்று எனக்குப் பொருந்தாத பகுதிகளே நிறைந்திருந்தன. அவற்றை வெறுமையாக விட்டுக் கொடுத்தால் "முழுமையற்றது" என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.

அறநெறிக் குழுவின் உறுப்பினர் செயலரை நேரில் பார்த்த பிறகுதான் வழி பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்களில், ஆளை அடையாளம் காட்டாத, பொதுவில் கிடைக்கும் தரவை வைத்துச் செய்யும், ஆபத்து மிகக் குறைந்த ஆய்வுகளுக்கு முழு மறுஆய்விலிருந்து விலக்குக் கோர இடமிருக்கிறது. அந்த விலக்கையும் குழுதான் வழங்க வேண்டும், நாமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் அதற்கென்று தனிப் படிவம் உண்டு. அப்படி ஒன்று இருப்பதையே எழுத்தர் எனக்குச் சொல்லவில்லை. ஆகவே விண்ணப்பிக்கிறவர்கள் விலக்குக்கான படிவத்தைப் பெயர் சொல்லியே கேளுங்கள். தரவின் உரிமப் பக்கத்தையும், அந்தத் தரவை முதலில் வெளியிட்ட கட்டுரையில் நோயாளிகளின் சம்மதமும் அங்குள்ள மருத்துவமனைகளின் ஒப்புதலும் பெறப்பட்டதாகக் கூறும் பத்தியையும் அச்செடுத்து உடன் இணையுங்கள். என் விஷயத்தில் அந்த இரண்டு தாள்களும் சேர்ந்த பிறகு கடிதம் தடையின்றி வந்தது.

அடுத்தது இரைச்சல். ஆய்வகத்தில் பல கைகள் மாறி வந்த நிரல் ஒன்றை எனக்குத் தந்திருந்தார்கள். அதில் மின்கம்பி இரைச்சலை நீக்கும் வடிகட்டி 50 ஹெர்ட்ஸில் வைக்கப்பட்டிருந்தது. நம் நாட்டு மின்சாரத்துக்கு அது சரி. அமெரிக்க மருத்துவமனையில் எடுத்த பதிவிலோ இரைச்சல் 60 ஹெர்ட்ஸில் இருக்கும், அதன் மடங்குகளான 120-இலும் 180-இலும் மீண்டும் தலைகாட்டும். நான் பயன்படுத்தவிருந்த எட்டு அலைவெண்கள் 3 ஹெர்ட்ஸில் தொடங்கி 180 ஹெர்ட்ஸில் முடிபவை. அதாவது, நினைவு ஆய்வில் மிகவும் பேசப்படும் உயர் அலைவெண் செயல்பாட்டைப் பார்க்கப் போன இடத்திலேயே மின்கம்பி உட்கார்ந்திருந்தது. எதையும் கணக்கிடுவதற்கு முன் ஒவ்வொரு மின்முனையின் ஆற்றல் நிறமாலையையும் (எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்பதைக் காட்டும் வரைபடம்) வரைந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். ஊசிபோல் எழும்பி நிற்கும் கோடு உடனே தெரியும். வடிகட்டியை மாற்றி, அடுத்தடுத்த மின்முனைகளின் வேறுபாட்டை எடுத்த பிறகு பதிவு தெளிந்தது.

மாதிரி எளிமையானதுதான்: ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக, எடைகளை அளவு மீறாமல் கட்டுப்படுத்தும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், அதாவது 'நினைவுகூர்வார், மாட்டார்' என்ற இரண்டில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்று கணிக்கும் புள்ளியியல் முறை. மின்முனைகளின் இடம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் எல்லோரையும் ஒரே மாதிரியில் அடக்க முடியாது.

அந்தப் பழைய நிரலை ஓட்டியபோது, நினைவில் நின்ற சொற்களையும் மறந்தவற்றையும் மாதிரி எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்று காட்டும் ஏ.யூ.சி. மதிப்பு 0.8-ஐத் தாண்டியது. குருட்டு ஊகத்துக்கு 0.5 என்பதால் எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உடனே மாநாட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். எனக்கு அது உறுத்தியது. இத்தகைய தரவில் வெளிவந்த ஆய்வுகளின் சராசரி 0.6-ஐச் சற்றே தாண்டுகிறது. எங்களுக்கு மட்டும் இவ்வளவு எப்படிக் கிடைக்கும்? நிரலை வரிவரியாகப் படித்ததில், பயிற்சிக்கும் சோதனைக்கும் சொற்களைப் பிரிப்பதற்கு முன்பே, எல்லாச் சொற்களின் விடைகளையும் (நினைவுகூரப்பட்டதா, இல்லையா என்பதை) பார்த்துவிட்டு "சிறந்த" மின்முனைகளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு படி அகப்பட்டது. வினாத்தாளை முன்கூட்டியே பார்த்த மாணவருக்கு விழும் மதிப்பெண் அது. நூறு மின்முனைகள், எட்டு அலைவெண்கள் என்று மாதிரிக்குக் கொடுக்கும் அளவீடுகள், அதாவது அம்சங்கள், 800 இருக்கும்போது, தற்செயலாகப் பொருந்தும் சில அம்சங்கள் கட்டாயம் கிடைக்கும். தேர்வைப் பயிற்சிப் பகுதிக்குள் அடக்கி, ஓர் அமர்வை முழுமையாக ஒதுக்கிச் சோதித்தவுடன் மதிப்பு 0.65-க்கு இறங்கியது.

அதையும் நான் நம்பவில்லை. பட்டியலின் முதல் சில சொற்கள் எப்போதும் கூடுதலாக நினைவில் நிற்கும். பட்டியல் நகர நகர உயர் அலைவெண் ஆற்றலும் தணிந்துகொண்டே வரும். இரண்டும் சேர்ந்தால், "இது பட்டியலின் தொடக்கம்" என்பதை மட்டும் மின்பதிவிலிருந்து கற்றுக்கொண்ட மாதிரிகூட நினைவைக் கணிப்பதுபோல் தோற்றமளிக்கும். சோதிக்க, மூளைப் பதிவை அறவே விட்டுவிட்டு, சொல் எத்தனையாவதாக வந்தது என்ற எண்ணை மட்டும் மாதிரிக்குக் கொடுத்தேன். அதுவே 0.5-ஐ நன்றாகத் தாண்டியது. ஆகவே பட்டியலில் ஒரே இடத்தில் வந்த சொற்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு மீண்டும் கணக்கிட்டேன். மதிப்பு 0.6-ஐ ஒட்டி நின்றது. இது தற்செயலா என்று பார்க்க, விடைகளைக் கலைத்துப்போட்டுச் செய்த ஓட்டங்கள் அந்த அளவை அரிதாகவே எட்டின. சிறிய எண்தான், ஆனால் அன்று எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. கிறிஸ்டோஃப் வைடெமானும் கஹானாவும் 2021-இல் தலைமேல் எடுத்த பதிவுகளை வைத்து, பட்டியலில் சொல் வந்த வரிசையிடம் போன்ற புறக்காரணிகளைக் கழித்த பின்பும் நினைவைக் கணிக்கும் மூளைச் சுவடு பெரும்பாலும் எஞ்சுகிறது என்று காட்டியிருந்தார்கள். என் முடிவும் அதே திசையில் இருந்தது.

இவ்வளவு கடுமை தேவையா என்று சிலர் கேட்டார்கள். 2018-இல் கஹானா குழு 25 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், இத்தகைய மாதிரி "இந்தச் சொல் நினைவில் தங்காது" என்று கணித்த கணத்தில் பக்கவாட்டுப் பொட்டுமடலில் (காதை ஒட்டிய மூளைப் பகுதியில்) மெல்லிய மின்தூண்டல் கொடுக்கப்பட்டது. சொற்கள் நினைவுக்கு வரும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் கூடியது. மாதிரியின் சொல்லைக் கேட்டு ஒருவருடைய மூளைக்குள் மின்சாரம் பாய்கிறது என்னும்போது, அது எதைக் கற்றிருக்கிறது என்று ஐயமறத் தெரிந்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சில நோயாளிகளுக்கு மாதிரி 0.5-ஐ விட்டு நகரவே இல்லை. மின்முனைகள் வைக்கப்பட்டது சிகிச்சைக்காகத்தான் என்பதால், நினைவோடு தொடர்புள்ள பகுதிகளில் அவை இல்லாமலும் இருக்கலாம். அவர்களை நீக்கிவிட்டால் சராசரி அழகாக இருக்கும் என்று ஆய்வுக் குழு உறுப்பினர் ஒருவர் சொன்னார். நான் மறுத்து எல்லோரையும் அட்டவணையில் வைத்தேன், ஒவ்வொருவருக்கும் பக்கத்திலேயே வரிசையிடம் மட்டும் கொடுத்துப் பெற்ற மதிப்பையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்தேன். இயல் விவாதத்துக்கு வந்தபோது வெளியிலிருந்து வந்த நிபுணரின் முதல் கேள்வியே அந்த வரிசையிடத்தைப் பற்றியதுதான். அட்டவணையைக் காட்டினேன், அதற்குமேல் அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.