அண்டார்டிகாவுக்கு 2048 கெடு அல்ல

அண்டார்டிகா ஒப்பந்தம் 2048இல் காலாவதியாகிவிடும், அப்புறம் ஆளாளுக்குச் சுரங்கம் தோண்டலாம் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. தவறு. 1959இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது. அங்கே கனிமம் எடுக்கத் தடை விதிப்பது 1991ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறை. 2048 முதல் அதை மறுபரிசீலனை செய்யக் கூட்டம் கூட்டும்படி ஆலோசனை உரிமை பெற்ற (அதாவது, ஒப்பந்த முடிவுகளில் பங்கேற்கும்) எந்த நாடும் கேட்கலாம், அவ்வளவுதான்.

அந்த நெறிமுறையின் நுணுக்கத்தைப் பாருங்கள். பனிவண்டி இழுத்த நாய்களைக்கூட 1994 ஏப்ரலுக்குள் வெளியேற்றச் சொன்னது. நாய்களின் நோய் சீல்களுக்குத் தொற்றிவிடும் என்ற பயம். இன்றும் கப்பலில் வருபவர்கள் பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணையும் பை ஜிப்பில் சிக்கிய விதையையும் நீக்கிவிட்டுத்தான் கரையில் கால் வைக்க வேண்டும்.

சரி, நிலத்துக்குக் காவல் இருக்கிறது. என் கவலை கடல்தான். அண்டார்டிகாவை ஒட்டிய ராஸ் கடலைப் பாதுகாக்க, அங்குள்ள கடல் உயிர்களைக் காக்கும் சர்வதேச ஆணையத்தின் நாடுகள் 2016இல் ஒத்துக்கொண்டன. கிழக்கு அண்டார்டிகா, வெட்டெல் கடல் பாதுகாப்புத் திட்டங்களோ வருடக்கணக்காக இழுபறியில் கிடக்கின்றன. ஆணையத்தில் ஒரு நாடு மறுத்தாலும் முடிவு இல்லை. ரஷ்யாவும் சீனாவும் இறங்கி வரவில்லை. இதற்கிடையே திமிங்கிலமும் பெங்குவினும் இரை தேடும் அதே நீரில் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைப் பிடிக்கும் கப்பல்கள் வலை போடுகின்றன. இந்த இரண்டு திட்டங்களுக்கும் இந்தியா 2021இல் ஆதரவு தெரிவித்தது. அதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.