ஓரத்தில் எழுதிய சந்தேகங்கள்

கும்பகோணத்தை அடுத்த ஒரு வேளாண் கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் ஆய்வறிக்கை எழுதக் கற்பிக்கிறேன். குறுவை அறுவடை முடிந்ததும் அவர்கள் தங்கள் வயல் சோதனையின் அறிக்கையைத் தருவார்கள். அதனுடன் ஒரு தற்சோதனைத் தாளையும் நிரப்பித் தருமாறு மூன்றாண்டுகளுக்கு முன் கேட்டேன். இலக்கணம், சொல்லாட்சி, ஒழுங்கு ஆகியவற்றுக்கு ஐந்துக்கு எத்தனை என்று மாணவரே மதிப்பெண் இட்டுக்கொள்ள வேண்டும். தேர்ந்து எழுதியவர்கள் தங்களுக்கு இரண்டு போட்டுக்கொண்டார்கள். தடுமாறியவர்களில் பலர் நான்கு போட்டார்கள். அந்த எண்களிலிருந்து அவர்களுடைய துணிவையும் கூச்சத்தையும் அறிந்துகொண்டேனே தவிர, எழுத்தைப் பற்றி எதையும் அறியவில்லை.

தம் வேலையைத் தாமே திருத்திக்கொள்ளக் கற்பவருக்கு மூன்று வேண்டும் என்று கல்வி மதிப்பீட்டு ஆய்வாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதினார்: எட்ட வேண்டிய தரம் எது என்று அறிதல், தம் எழுத்தை அதனோடு ஒப்பிடுதல், இடைவெளியைக் குறைக்க ஏதேனும் செய்தல். நானோ தரத்தைக் காட்டாமலேயே மதிப்பெண்ணைக் கேட்டிருந்தேன்.

அடுத்த குறுவையில் தாளைக் கைவிட்டேன். அச்சில் வந்த நெல் ஆய்வுக் கட்டுரைகள் இரண்டின் முடிவுப் பகுதியை வகுப்பில் வரிவரியாகப் படித்தோம். பிறகு, அறிக்கையைத் தருமுன் தமக்கு உறுத்தலாகத் தோன்றும் வரிகளின் ஓரத்தில் அந்த உறுத்தலைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஆங்கில வகுப்பில் தமிழா என்று உடன் பணிபுரிவோர் கேட்டார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் 'இலக்கணத்தை மேம்படுத்திக்கொள்ள வேண்டும்' என்ற மனப்பாட வாக்கியமே வருகிறது. தமிழில் கேட்டால்தான் உண்மையான சந்தேகம் வெளிப்படுகிறது என்பது என் அனுபவம்.

ஆடுதுறை 43 நெல் ரகத்தில் தழைச்சத்து உரத்தைத் தவணைகளாகப் பிரித்து இட்டுப் பார்த்த மாணவி ஒருவர், விளைச்சல் 'சிக்னிஃபிகண்ட்'டாக உயர்ந்தது என்று எழுதி, ஓரத்தில் இப்படிக் கேட்டிருந்தார்: "வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சி.டி. மதிப்பைத் தாண்டவில்லை. இந்தச் சொல்லைப் போடலாமா?" சி.டி. (கிரிட்டிகல் டிஃபரன்ஸ்) என்பது, வேறுபாடு தற்செயலானதல்ல என்று கொள்ள அது தாண்ட வேண்டிய புள்ளியியல் எல்லை. அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, நானாகத் திருத்தியிருந்தால் சரி என்று குறியிட்டுக் கடந்திருப்பேன். அன்றாட ஆங்கிலத்தில் 'கணிசமான' என்று பொருள்படும் அச்சொல், வயல் சோதனை அறிக்கையில் புள்ளியியல் சோதனையைக் கடந்த வேறுபாட்டுக்கு மட்டுமே உரியது என்பதை அவருடைய கேள்வியே பிடித்துவிட்டது.

இன்னொரு மாணவர், நெல்மணி சரியாகப் பிடிக்காததற்கு மழைதான் காரணம் என்று அடித்துச் சொல்லியிருந்தார். தமிழில் பேசும்போது 'மழையாக இருக்கலாம்' என்று தயங்கிச் சொல்பவர், ஆங்கிலத்தில் அந்தத் தயக்கத்தையே பலவீனமாக எண்ணியிருக்கிறார். ஓரத்தில் "எனக்கு எப்படித் தெரியும்?" என்ற மூன்றே சொற்கள் இருந்தன.

சந்தேகமே வராதவரின் ஓரம் வெறுமையாகவே இருக்கிறது என்பது இம்முறையின் பெரிய குறை. அத்தகையோரின் அறிக்கையில் ஒரு வரிக்கு அருகே பென்சிலால் புள்ளி வைத்து, அதைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் எழுதித் தருமாறு திருப்பிக் கொடுக்கிறேன். அறுபது பேருக்கு இதைச் செய்ய இரண்டு வாரம் பிடிக்கிறது.

அந்த மாணவிக்கு நான் விடை சொல்லவில்லை. வகுப்பில் படித்த கட்டுரையை மீண்டும் எடுத்துப் பார்த்து, விளைச்சல் 'நியூமெரிக்கலி' (எண்ணளவில்) கூடுதலாக இருந்தாலும், ஒப்பிட்ட மற்ற முறையுடன் 'ஆன் பார்' (புள்ளியியல்படி சமம்) என்று தம் வாக்கியத்தை அவரே மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். இம்முறை ஓரத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.