7 போனால் 4

போன வாரம் உயர்தர வகுப்பில் சைக்ஸ்–பிக்கோ ஒப்பந்தம் நடத்தினேன். ஓட்டோமான் பேரரசு விழுந்தால் அதன் அரபு நிலங்களில் யாருக்கு எது என்று பிரிட்டனும் பிரான்சும் 1916இல் இரகசியமாகப் பேசி முடித்த பங்கீடு அது. கரும்பலகையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், நமக்கும் யாராச்சும் கோடு போட்டாங்களா?"

மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நமக்குக் கோடு போடவில்லை. தலையை எண்ணினார்கள். மலையகத் தமிழரான எங்கள் சனத்தை வெள்ளைக்காரன் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து இறக்கிய காலத்தில் அங்கே இராமநாதபுரமும் இங்கே தலவாக்கலையும் ஒரே முடியின் கீழ் இருந்தன. அவன் போன அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? 1947 தேர்தலில் வோட்டுப் போட்ட சனம் அடுத்த தேர்தலில் நாடில்லாத சனமாகிவிட்டது.

பிறகு 1964 ஒக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். நாடில்லாத எங்கள் சனம் மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கிவைத்து, 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். 7 பேர் கப்பலேறினால் 4 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, அதுதான் விகிதம். கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கென்று சில கிலோ கழிப்பார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வரும். மனுசரைக் கழித்தார்கள். போகிறாயா, இருக்கிறாயா என்று முதலில் கேட்டுவிட்டு எண்ணிக்கை போட்டிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். எண்ணிக்கை போட்ட பிறகுதான் விண்ணப்பப் படிவம் வந்தது.

எங்கள் அம்மாயியும் அவளுடைய தம்பியும் இந்தியாவுக்கே எழுதிப் போட்டார்கள். தம்பிக்கு 1972இல் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அட்டன் ஸ்டேசனில் கோச்சி கிளம்பியபோது அம்மாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடினாளாம். அவர் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் நீலகிரிக் கூடலூரில், தாயகம் திரும்பியவர்களுக்கென்று அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் கொழுந்துதான், அங்கேயும் குளிர்தான்.

அம்மாயிக்குப் பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் யுத்தம் வந்து 1984இல் கப்பல் நின்றுபோனது. பிறகு வந்த இந்தியப் பாஸ்போர்ட்டோடு இலங்கை லயத்தில் அவள் இருந்தாள். அவள் பிள்ளைகளுக்கும் எதுவுமில்லை. 1982இல் பிறந்த எனக்கும் இல்லை. உயர்தரப் பரீட்சைக்கு எல்லாரும் அடையாள அட்டையோடு வந்தபோது என் கையில் தபால் கந்தோர் கொடுத்த தபால் அடையாள அட்டைதான் இருந்தது. அந்த வெட்கம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

2003இல் வந்த சட்டம்தான் எங்களை எடுத்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதியிலிருந்து இங்கேயே இருப்பவர்களும் அவர்களின் வாரிசுகளும் இலங்கையர் என்றது. ஒப்பந்தம் போட்ட அதே திகதி! 39 வருசம் கழித்து அதே நாளிலிருந்து எங்களை எண்ணினார்கள்.

கூடலூரில் அம்மாயியின் தம்பியை, எங்கள் தாத்தாவை, 'சிலோன்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். என் பிறப்புப் பத்திரத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கிறது. அவர் பிறந்த அதே காம்பராவில் பிறந்த அக்காவின் பேரன் நான்.

2004 ஏப்ரலில் அம்மாயி வோட்டுப் போடப் போனாள். மை பூசிய விரலைச் சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டே வீடு வந்தாள். அன்றைக்குச் சோறாக்கவும் அந்தக் கையை நனைக்கவில்லை. ராத்திரி என்னைக் கூப்பிட்டு, கூடலூருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள்.