ஹாரன் அடிச்சா கை நடுங்குது

போன வருஷம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஸ்கூட்டில போயிட்டு இருக்கும்போது ஒரு கண்டெய்னர் லாரி பக்கத்துல உரசுற மாதிரி வந்து நான் தடுமாறி விழுந்தேன், முழங்கைல தோல் உரிஞ்சதோட சரி, பத்து நாள்ல ஆறிடுச்சு. ஆனா எங்க தண்டையார்பேட்டை வீட்டுக்குள்ள உக்காந்திருக்கும்போது தூரத்துல லாரி ஹாரன் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும், தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறிக்கும், வயித்த பிசையும். "அதான் ஒண்ணும் ஆகலல்ல, அப்புறம் ஏன் பயப்படுற"ன்னு எல்லாரும் கேட்டாங்க. நானும் என்னையே அததான் கேட்டேன். ஈசிஜி எடுத்தேன், நார்மல். (நெஞ்சுல ஏதாச்சும் பண்ணுதுன்னா இத மொதல்ல பண்ணிடுங்க, டென்ஷன்தான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.)

ஒரு நாள் கல்மண்டபத்துல மீன் வாங்கிட்டு இருக்கும்போது பின்னாடி ஹாரன் அடிச்சாங்க, கைல இருந்த பை கிடுகிடுன்னு ஆடுது, என்னால நிறுத்தவே முடியல. சங்கரா ஆஞ்சிட்டு இருந்த ஆயா அருவாமனைய அப்படியே விட்டுட்டு என்ன ஐஸ் பொட்டி மேல உக்கார வெச்சாங்க. "ஒக்காரு கண்ணு, கால நல்லா தரைல ஊனு. நடுங்குனா நடுங்கட்டும்மே, அத்த இன்னாத்துக்கு புடிச்சி வெக்கிற? வாயால மெதுவா ஊது, சுடு டீய ஊதுற மாரி." 2004 சுனாமிக்கு அப்பால ரொம்ப நாள் அலை சத்தம் கேட்டாலே அவங்களுக்கும் கால் வெடவெடன்னு வந்துச்சாம்.

அப்புறம்தான் இதப்பத்தி தேடி தேடி படிச்சேன். ஆபத்துன்னு தோணுன உடனே, நாம யோசிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே மூளைல அமிக்டலான்ற சின்ன பகுதி அலாரம் அடிச்சுடுது, கிட்னி மேல தொப்பி மாதிரி இருக்கற அட்ரினல் சுரப்பி அட்ரினலின விடுது, இதயம் வேகமாகுது, தசை இறுகுது, செரிமானம் மெதுவாகுது, எல்லாமே ஓடறதுக்கோ சண்டை போடறதுக்கோ உடம்பு பண்ற ஏற்பாடு. வால்டர் கேனன்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1915-லயே இத எழுதி வெச்சிருக்காரு. எனக்கு இத படிச்சதும் அழுகையே வந்துடுச்சு, ஏன்னா இத்தன நாள் நான் கோழைன்னு நெனச்சிட்டு இருந்தேன், என் உடம்பு என்ன காப்பாத்தத்தான் பாத்திருக்கு.

மூளைல இருந்து வர்ற 12 ஜோடி நரம்புல பத்தாவது வேகஸ், கழுத்து வழியா இதயம், வயிறு வரைக்கும் போகுது, இதயத்த மெதுவாக்குற பிரேக் அதுதான். மூச்ச வெளிய விடும்போது அந்த பிரேக் கொஞ்சம் அழுத்தமா விழுது, அதனாலதான் ஆயா ஊத சொன்னது வேல செஞ்சிருக்கு. 4 செகண்ட் இழுத்து 6 செகண்ட் விட்டா நிமிஷத்துக்கு 6 மூச்சு. நான் மொதல்ல புஸ் புஸ்னு வேகமா இழுத்து விரலெல்லாம் மரத்துப்போச்சு, அப்படி பண்ணா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறஞ்சு படபடப்பு இன்னும் ஏறிடும், அதனால மெதுவா, கம்மியா இழுங்க போதும்.

ராத்திரி படுத்துட்டு கால் விரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு தசையா இறுக்கி அஞ்சு செகண்ட் வெச்சு விடுவேன், ஜேக்கப்சன்னு ஒரு டாக்டர் 1920கள்லயே சொல்லிக்கொடுத்த முறை. தாடைய நான் நாள் பூரா கடிச்சிட்டே இருக்கேன்றதே இத பண்ணும்போதுதான் தெரிஞ்சுது. நடுங்குனா பழைய பயமெல்லாம் வெளிய போயிடும்னு சிலர் அடிச்சு சொல்றாங்க, அதுக்கு ஆதாரம் அவ்வளவு பலமா இல்ல, ஆனா அடக்கி வெச்சப்போ எனக்கு அதிகமாச்சு, விட்டப்போ ரெண்டு நிமிஷத்துல நின்னுச்சு, அத மட்டும் என்னால சொல்ல முடியும். தூக்கமே போச்சு, வெளிய போகவே முடியலன்ற அளவுக்கு இருந்தா தனியா போராடாதீங்க, 14416-க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ்ன்ற மனநல உதவி லைன், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.

நேத்து ரொம்ப நாள் கழிச்சு ஸ்கூட்டிய எடுத்துட்டு டோல்கேட் வரைக்கும் போனேன். சிக்னல்ல ஒரு டிரெய்லர் பக்கத்துல வந்து நின்னு ஹாரன் அடிச்சுது, தோள் ஏறுச்சு, உள்ளங்கை வேர்த்துச்சு. ரெண்டு காலையும் ரோட்ல நல்லா ஊனிக்கிட்டு மெதுவா ஊதுனேன், ஹெல்மெட் கண்ணாடி லேசா மங்கி திரும்ப தெளிஞ்சுது, அதுக்குள்ள பச்ச விழுந்துடுச்சு.