கூர்மைக்கு எத்தனை கிராம்? தண்ணீர் எடையில் கத்தி வாயை அளந்து பார்த்தது

தாளை அறுத்துப் பார்ப்பதும் முழங்கை முடியை மழித்துப் பார்ப்பதும் கத்தி கூராக இருக்கிறதா என்பதைச் சொல்லிவிடும். போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு கூர் என்பதைச் சொல்லாது. அதற்கு எண் வேண்டும். பெஸ் அளவுகோல் தருவது அப்படியோர் எண்தான்: இழுத்துக் கட்டிய ஒரே தரமான இழையை அறுக்க எத்தனை கிராம் விசை தேவை என்று பார்க்கிறார்கள். அளவு 0 முதல் 2000 வரை. இருபக்க சவர பிளேடு 50-ஐ ஒட்டி நிற்கும். அதே யோசனையைக் கைவசம் உள்ள பொருட்களில் செய்து பார்த்ததன் குறிப்பு இது.

முதலில் தராசின் மேல் இழைச் சட்டத்தை வைத்துக் கத்தியைக் கையால் அழுத்தியது சரிவரவில்லை. தராசு நொடிக்கு நான்கு முறை எண்ணைப் புதுப்பிக்கிறது, கை அழுத்தம் நொடிக்கு 200 கிராம் ஏறுகிறது என்று வையுங்கள். இழை அறுந்த கணத்துக்கும் திரையில் கடைசியாகத் தெரிந்த எண்ணுக்கும் நடுவே 50 கிராம் வரை காணாமல் போகும். போதாக்குறைக்கு, எண் ஆடாமலிருக்கத் தராசே சராசரி எடுத்துக் காட்டும். உச்சம் அதில் கரைந்துவிடும்.

ஆகவே அமைப்பைத் தலைகீழாக்கியாயிற்று. கத்தியின் பிடி வைஸில் (மேசையில் பொருத்திய பட்டறை இடுக்கி) இறுகியிருக்கும். அலகு மேசைக்கு வெளியே நீண்டு, வாய் மேல்நோக்கி இருக்கும். (நுனியில் ஒரு தக்கையைச் செருகிவிட்டுத்தான் மற்ற வேலை.) 0.20 மி.மீ. நைலான் தூண்டில் நரம்பை வாயின் குறுக்கே போட்டு, இரு முனைகளையும் 12 செ.மீ. மரக்குச்சியின் இரு கோடிகளில் கட்ட வேண்டும். குச்சி அலகுக்கு அடியில், வாயிலிருந்து 6 செ.மீ. கீழே தொங்கும், அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. இந்த அளவில் நரம்பு இருபுறமும் 45 பாகையில் சரியும், கட்டிலிருந்து கட்டுக்கு 17 செ.மீ. இந்த நீளத்தை ஒவ்வொரு முறையும் அளந்தே கட்ட வேண்டும். நீளம் மாறினால் கோணம் மாறும், கோணம் மாறினால் நரம்பின் இழுவிசை மாறும், அதே வாய்க்கு வேறு எண் வரும். நைலானில் முடிச்சு நழுவும். கோடியில் சிறு திருகு வைத்து மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவது மேல். குச்சி இல்லாமல் நேராகக் கோப்பையைக் கட்டினால் நரம்பு அலகின் பக்கங்களில் உரசும். அந்த உராய்வும் எண்ணில் கலந்துவிடும்.

மெல்லிய குழாயும் கிளிப்பும் பொருத்திய பாட்டிலிலிருந்து நொடிக்கு 2 கிராம் வீதம் தண்ணீர் விட வேண்டும். குழாயின் வாய் கோப்பையின் உள்சுவரைத் தொட்டிருக்கட்டும், சொட்டு விழும் அதிர்வு கூடாது. நரம்பு அறுந்ததும் கிளிப்பை மூட வேண்டும். கோப்பை விழுந்து தண்ணீர் சிந்தும், சிந்தட்டும். எடை பார்க்க வேண்டியது பாட்டிலை, கோப்பையை அல்ல. பாட்டிலில் குறைந்த எடையோடு குச்சி, காலிக் கோப்பை இரண்டின் எடையையும் கூட்டினால் அளவு கிடைத்துவிடும்.

கோப்பை ஊசலாடினால் நரம்பு வாயின் மேல் அரை மில்லிமீட்டராவது நகரும். அழுத்தி அறுப்பதற்குப் பதில் இழுத்து அறுத்ததாகிவிடும். எண் தாராளமாகக் குறையும். நரம்புச் சுருளும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 0.20-க்குப் பதில் 0.22 மி.மீ. வந்தால் குறுக்குப் பரப்பு 21 சதவீதம் கூடும். நைலான் ஈரம் உறிஞ்சி இளகும் பொருள், எனவே மழைநாள் அளவையும் வறண்ட நாள் அளவையும் நேராக ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

வாயில் ஐந்து இடங்களில் அளந்து நடு எண்ணை எடுப்பது நல்லது. உதாரணமாக 176, 182, 187, 190, 241 என்று வந்தால் நடு எண் 187. சராசரி போட்டால் 195 ஆகிவிடும். அந்த 241-ஐப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் மறுபடி அளந்தால், அங்கே வாய் மடிந்திருக்கிறதா, கட்டுதான் தவறா என்பது தெரிந்துவிடும். மற்ற நான்குமே 14 கிராம் பரவியிருக்கும்போது, அடுத்த தீட்டலில் 180 வந்தது என்று மகிழ்வதற்கு ஒன்றுமில்லை.

ஆளை நன்றாக ஏமாற்றுவது பிசிர். சாணைக்கல்லில் தீட்டியதும் வாயில் மெல்லிய உலோகத் தகடு போல ஒன்று நிமிர்ந்து நிற்கும். உண்மையான வாயைவிட அது மெல்லியது. நரம்பை வெண்ணெய் போல் அறுக்கும். பலகையில் நாலு முறை பட்டால் மடிந்துவிடும். ஆகையால் அளந்த பிறகு மென்மரத் துண்டின் ஓரத்தில், கத்தியின் எடையைத் தவிர வேறு அழுத்தமில்லாமல் மூன்று முறை இழுத்து, பக்கத்திலேயே மறுபடி அளக்க வேண்டும். எண் தாவினால் முதல் அளவு பிசிருடையது. அதை அடித்துவிட்டு மறுபடி கல்லுக்குப் போக வேண்டியதுதான். மரத்துக்கு முந்திய எண்ணை மட்டும் எழுதிவைத்த பதிவுகளை நம்புவதற்கில்லை.

வாய் சுத்தமாக இருந்தாலும் எண்ணுக்கு எட்டாதவை உண்டு. வாய்க்குப் பின்னால் அலகு எவ்வளவு தடிமன் என்பது நரம்புக்குத் தெரியாது. 150 காட்டும் தடித்த கத்தி கேரட்டைப் பிளக்கும். 250 காட்டும் மெல்லிய கத்தி அதில் இறங்கிவிடும். சொரசொரப்பான கல்லில் முடித்த வாய் அழுத்தி அறுப்பதில் மோசமான எண் காட்டி, தக்காளித் தோலை இழுத்தவுடன் பற்றிக்கொள்ளும். கத்திகளின் வெட்டுதிறனுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 8442-5 சோதனை வேறு வழியில் போகிறது: சிலிக்கா கலந்த அட்டையில் வாயை முன்னும் பின்னும் ஓட்டி, ஒவ்வோர் ஓட்டத்திலும் எவ்வளவு ஆழம் வெட்டியது என்று பார்க்கும். அங்கே முதலில் வருவதும் இங்கே முதலில் வருவதும் ஒரே கத்தியாக இருக்க வேண்டியதில்லை.

கீழ் எல்லை இன்னும் தீரவில்லை. குச்சியும் கோப்பையும் சேர்ந்து 40 கிராம். சவர பிளேடு அளவுக்குக் கூரான வாயில் தண்ணீர் விடுமுன்பே நரம்பு அறுந்துவிடக்கூடும். மரக்குச்சிக்குப் பதில் மெல்லிய மூங்கில், கோப்பைக்குப் பதில் காகிதக் கிண்ணம் என்று 15 கிராமுக்குக் கொண்டுவருவது அடுத்த வேலை.