பத்து ரூபாய் யூனிட்

"தம்பி, புதுசா ஒரு மியூச்சுவல் ஃபண்டு வந்திருக்காம். யூனிட் வெறும் பத்து ரூபாய். நான் போடுறது நானூறு ரூபாய்ல நிக்குது. அதை எடுத்து இதுல போட்டுரவா?"

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகையை எடை போட்டுக்கொண்டே கேட்டார் கடைக்கார அண்ணன்.

அவருடைய பில் புத்தகத்தின் பின்னட்டையிலேயே கணக்குப் போட்டோம். 10,000 ரூபாய்க்குப் புதுசில் 1,000 யூனிட், பழையதில் 25 யூனிட். இரண்டும் 10 சதவீதம் ஏறினால்? பத்து 11 ஆகும், நானூறு 440 ஆகும். பெருக்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் 11,000தான்.

"அட, அவ்வளவுதானா!"

விற்க வந்தவர் இதைச் சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வார்?

ஃபண்டின் மொத்தச் சொத்தில் செலவையும் கடனையும் கழித்து, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு. மலிவா, கூடுதலா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஃபண்டுக்காவது இதுவரை எப்படி ஓடியது என்ற கணக்கு இருக்கிறது. புதுசுக்கு விளம்பரம் மட்டும்தான். மாறுவதற்காகப் பழையதை விற்றால், லாபத்துக்கு வரி வேறு வரலாம்.

பார்க்க வேண்டியது செலவு விகிதம், அதாவது ஃபண்டை நடத்த வருஷா வருஷம் நம் பணத்திலிருந்து எடுக்கும் சதவீதம். ஏஜென்ட் மூலம் வாங்கும் ரெகுலர் பிளானில் அவருடைய கமிஷன் வருஷா வருஷம் நம் பணத்திலிருந்தே போகும். 2013 ஜனவரியில் வந்த, ஃபண்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானில் அது கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. ஒரே ஃபண்டு, அதே பங்குகள், அதே மேனேஜர். ஆனாலும் டைரக்ட் பிளானின் என்ஏவிதான் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். கமிஷனாகப் போகாத பணம் அதிலேயே தங்கி வளர்கிறதே!